கெட்டிலின் மூக்கு

மார்ச் 8, ஞாயிறு

அன்புள்ள ஸ்கேல்,

இந்த வாரத்துப் படங்கள் ஏழும் இத்துடன். எண் 2,893 முதல் 2,899 வரை. செருப்பு மட்டும் சரியாக வரவில்லை. வரைந்துகொண்டிருக்கும்போதே இவர் வந்து அதைக் காலில் மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். மீதியை ஞாபகத்தில் வரைந்தேன். அதற்கு விதியில் இடம் உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும். சட்டமெல்லாம் உன் கையில்.

மருமகளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி நேற்று வந்திருந்தாள். சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, சாவி, சீப்பு, குடைன்னு போட்டிருக்கே, வாங்க வேண்டிய சாமானா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கறதுக்கு இல்லம்மா, வரையறதுக்கு. இவளும் இவ சிநேகிதியும் முப்பத்தொரு வருஷம் ஒரே ஆபீஸ்ல ட்ரேசர். இன்ஜினியர் போட்ட படத்து மேல கண்ணாடி மாதிரி பேப்பரை வெச்சு, கோட்டு மேலயே கோடு போடணும், அதான் வேலை. ரிட்டயர் ஆன மறுநாளே ரெண்டு பேரும் சபதம் எடுத்தாங்க. இனிமே தினம் ஒரு படம், சொந்தக் கோடு. ஒரு மாசம் இவ பட்டியல், ஒரு மாசம் அவங்க பட்டியல். ரப்பர் தொடக் கூடாது, ட்ரேஸ் பண்ணக் கூடாது, ஒரு நாள் விட்டாலும் ஆட்டம் க்ளோஸ். எட்டு வருஷமா ஓடுது."

அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். நானும்தான். இவர் இவ்வளவு கவனித்து வைத்திருக்கிறார் என்று எனக்கே நேற்றுதான் தெரியும். என்னிடம் எப்போதும் "காகிதத்துக்குப் பிடிச்ச கேடு" என்றுதான் சொல்வார். உன் பெயர் நிஜமாகவே ஸ்கேலா என்றும் கேட்டாள். அளவுகோல் இல்லாமலே நேர்கோடு போடுகிறவள் நீ, பத்து விரலிலும் மசி பூசிக்கொள்கிறவள் நான், ஆபீஸில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது என்றேன்.

பிறகு மெஷினுக்கு மேலே ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும் உன் டீ கெட்டிலைக் காட்டினேன். எண் 1,127. உன் கோடுகளிலேயே நல்ல கோடு அந்த மூக்குதான். ஒரே இழுப்பு, தயக்கமே இல்லை. அன்று உன் வீட்டு மேசையில் அதே கெட்டிலை நானும்தான் வரைந்தேன். என்னுடையதில் மூக்கு வலப்பக்கம் பார்க்கும், உன்னுடையதில் இடப்பக்கம். என்னுடையது பெட்டிக்குள் கிடக்கிறது, அதற்கு அந்த இடம் போதும். இவர் ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே துணியில வெட்டின மாதிரி இருக்கே" என்றார். தையல்காரருக்கு எதைப் பார்த்தாலும் துணி. போய் பட்டன் தையுங்கள் என்று விரட்டிவிட்டேன்.

மூன்று நாளாக வலது கை விரல்கள் மரத்துப்போன மாதிரி இருக்கின்றன. கையை அழுத்திக்கொண்டு தூங்கியிருப்பேன்.

மசி

மார்ச் 12, வியாழன்

அன்புள்ள மசி,

ஞாபகத்தில் வரையத் தடை இல்லை. ஆனால் உன் செருப்பில் எது நிஜம், எது ஞாபகம் என்று பார்த்த உடனே தெரிகிறது. நிஜப் பாதியில் வார் அறுந்திருக்கிறது, ஞாபகப் பாதியில் புதுச் செருப்பு. அவருக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடு.

என் பூட்டு எப்படி? கீழே சைக்கிள் கடையின் பூட்டு அது. கடை வாசலில் ஸ்டூல் போட்டு, கதவில் பூட்டை மாட்டி வைத்து, முக்கால் மணி நேரம் வரைந்தேன். அதற்குள் வந்த இரண்டு பேர் கடை மூடியிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்களாம். கடைக்காரர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தக் கெட்டிலை இறக்கிவிடேன். எட்டு வருஷத்தில் அதைவிட நல்லதாக நான் ஒன்றும் வரையவில்லையா? யார் வந்தாலும் அதைக் காட்டுகிறாய், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 17 அன்று எண் 3,000 வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முழங்கால் என்ன சொன்னாலும் சரி, அன்று நான் அங்கே வருகிறேன். நீ மகன் ஊருக்குப் போன மூன்று வருஷத்தில் நாம் ஒரே மேசையில் உட்காரவே இல்லை. 3,000-ஐ எதிரெதிரே உட்கார்ந்து போடுவோம்.

விரல் மரத்துப்போனால் டாக்டரிடம் போ. அழுத்தித் தூங்கினேன் என்று கதை விடாதே.

ஸ்கேல்

மார்ச் 18, புதன்

மசி,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

உன் கவரைப் பிரித்தேன். கடிதம் ஒரு வரிகூட இல்லை. போகட்டும். ஏழு படங்களையும் வரிசையாக மேசையில் வைத்தேன். சாவி, கத்தரிக்கோல், சீப்பு, ஸ்பூன், மூக்குக்கண்ணாடி எல்லாமே அசல் அளவு. என் சீப்பை உன் சீப்பின் மேல் வைத்துப் பார்த்தேன், பல்லுக்குப் பல் பொருந்துகிறது. பொருளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்திருக்கிறாய். என்னிடமா இந்த வேலை? முப்பத்தொரு வருஷம் ட்ரேசிங் பார்த்த கண் இது. எண்களைக்கூட அவரை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாய், கவரில் விலாசம் எழுதும் அதே கொட்டை எழுத்து.

புதன்கிழமைக்கு 'எதிரில் இருப்பது' என்று போட்டிருந்தேன். அதை மட்டும் சுற்றி இழுக்க முடியாது, அதனால் என்னவோ கிறுக்கியிருக்கிறாய். துணி மாட்டும் கம்பியா அது? துணியைக் காணோம், ஒரு பை மட்டும் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை 'கை'. அதையும் காகிதத்தில் வைத்துச் சுற்றிவிட்டாய், வலது கை, விரலெல்லாம் துவண்டு கிடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வேலை.

சலித்துவிட்டது என்றால் சலித்துவிட்டது என்று சொல். 3,000-க்கு நூறு இருக்கும்போது இப்படி ஏமாற்றாதே. ஏழையும் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புகிறேன், ஆபீஸில் தப்புப் படம் திரும்பி வருமே, அதே மாதிரி.

ஸ்கேல்

மார்ச் 26, வியாழன்

மசி,

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "குளிக்கிறா" என்கிறார். காலை பதினொன்றுக்கும் குளியல், மாலை ஐந்துக்கும் குளியல். பேச விருப்பமில்லை என்றால் அந்த நல்ல மனுஷரைப் பொய் சொல்ல வைக்காதே. அவருக்கு அது வரவும் இல்லை.

இந்த வாரக் கவரும் வந்தது. முதல் ஐந்தும் ட்ரேசிங். கடைசி இரண்டும் அதைவிட மோசம். கரண்டியின் கோடு நடுங்கிக்கொண்டு போகிறது, குடை ஒரு பக்கம் சரிந்து விழுகிறது. பென்சிலையே இப்போதுதான் முதல்முறை பிடித்தவள் மாதிரி வரைந்திருக்கிறாய். நான் திட்டினதற்கு என்னைக் கேலி செய்கிறாயா?

எனக்கு வருத்தமாக இருக்கிறது. காலையில் எழுந்து இன்று என்ன வரையப் போகிறோம் என்று பட்டியலைப் பார்ப்பதில்தான் எனக்கு நாள் ஆரம்பிக்கிறது. அதே பட்டியலை அங்கே நீயும் பார்க்கிறாய் என்பதில் பாதி. இதை நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

ஸ்கேல்

ஏப்ரல் 3

அன்புள்ள ஸ்கேல்,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கை. நாலு நாளாக எழுதுகிறேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலையில் டம்ளர் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாயும் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். வாய் சரியாகிவிட்டது. "அது போதும்" என்கிறார் இவர், என் வாய் இல்லாமல் வீடு அமைதியாகிப் பயமுறுத்தியதாம். வலது கைதான் இன்னும் வரவில்லை. பயிற்சி சொல்லித்தரும் பெண், மாதங்கள் ஆகும் என்கிறாள். வரும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். மெஷின் டிராயரில், நூல்கண்டுக்கு அடியில். கூடவே சிவப்புச் சுழி போட்ட ஏழு படங்கள். ஸ்கேல், நான் அவற்றைப் பார்த்ததே அப்போதுதான்.

இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். திருதிருவென்று விழித்தார். "உன் நம்பர் விட்டுப் போயிடக் கூடாதேன்னு பார்த்தேன். நீ கண்ணு முழிச்சதும் மொதல்ல நம்பரைத்தான் கேப்பே" என்றார். சுவரில் இருந்த பட்டியலைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தினம் ஒரு பொருளை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்திருக்கிறார். துணி வெட்டப் பேட்டர்ன் பேப்பரில் கோடு போட்ட கை, அதனால் வைத்து இழுத்திருக்கிறார். உன் சிவப்புப் பென்சிலைப் பார்த்த பிறகு எதையும் வைக்காமல் போட்டுப் பார்த்தாராம். அதுதான் அந்தக் கரண்டியும் குடையும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "அவங்க கேட்டதும் அடுத்த பஸ்ல ஏறிடுவாங்க. முழங்காலை வெச்சுக்கிட்டு மூணு மாடி இறங்கணும். வழியில விழுந்தா நான் யாரைப் பார்க்கறது?" என்றார்.

ஆக, என் கடைசி எண் 2,899. விதிப்படி ஆட்டம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை இடது கையால் ஒரு சாவி வரையப் பார்த்தேன். வரவில்லை, அழுதேன். இப்போது அழவில்லை. நீ விடாதே. உன் 3,000-ஐ நான் பார்க்க வேண்டும். என்னை மட்டும் விட்டுவிடு.

மசி

ஏப்ரல் 8, புதன்

அன்புள்ள மசி,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். சைக்கிள் கடைக்காரர் கோபத்தையெல்லாம் மறந்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அது துணி மாட்டும் கம்பி இல்லை. அந்தப் பை குளுக்கோஸ் பை என்று இப்போது தெரிகிறது. அந்தக் கையும்தான். வலது கைக்காரி தன் வலது கையைச் சுற்றி எப்படிக் கோடு இழுப்பாள்? இதைக்கூட யோசிக்காமல் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். தூங்கும் உன் கையைக் காகிதத்தில் எடுத்து வைத்து, எழுப்பாமல் விரல் விரலாக இழுத்திருக்கிறார் மனுஷன். என் சார்பில் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஏழையும் எனக்கே திருப்பி அனுப்பச் சொல். சிவப்புச் சுழி அப்படியே இருக்கட்டும், நான் பார்த்துப் பார்த்து வெட்கப்பட வேண்டும். அவருடைய கரண்டியைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவதை ஐந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

விதிப்படி ஆட்டம் முடிந்தது இந்த மார்ச்சில் இல்லை. 1,127-லேயே முடிந்துவிட்டது. முடித்தது நான்.

அந்தச் சனிக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்து, மேசையில் கெட்டிலை வரைந்துவிட்டுப் போனாய். நான் அப்புறம் வரைகிறேன் என்றேன். நாற்காலியில் சாய்ந்தேன், விடிந்துதான் எழுந்தேன். காய்ச்சல் இல்லை, சாவு இல்லை, ஒரு காரணமும் இல்லை. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். பத்து மணிக்கு நீ வாரப் படங்களை வாங்க வருவாய். அவசரத்தில் இரண்டு காகிதம் பாழாயிற்று. உன் ஃபைலை நாற்காலியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாய். ரிட்டயர் ஆனபோது எடுத்து வந்த ட்ரேசிங் பேப்பர் சுருள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. உன் கெட்டிலின் மேல் வைத்து இழுத்தேன். அப்படியே கொடுத்தால் தெரிந்துவிடும், அதனால் பேப்பரைத் திருப்பிப் போட்டு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பதித்தேன். எதிரெதிரே உட்கார்ந்தோம் இல்லையா, மூக்கு அந்தப் பக்கம் பார்த்தால் சரியாகத்தானே இருக்கும்.

நீ வந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி, எப்படி இழுத்தே இந்த மூக்கை!" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ அதை எடுத்துக்கொண்டு போய் ஃப்ரேம் போட்டாய். அன்றிலிருந்துதான் நான் விதி, விதி என்று உன் உயிரை எடுத்தேன்.

ஐந்து வருஷமாக நீ மெச்சுவது உன் கோட்டை, மசி. அது என்னுடையது இல்லை.

ஆகவே 3,000 எனக்கும் இல்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம், சேர்ந்து. நீ தொடங்கும்வரை நானும் வரையப் போவதில்லை. பென்சிலைச் சீவி வைத்துவிட்டேன்.

ஸ்கேல்

ஏப்ரல் 16

அடி திருடி,

ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். ட்ரேஸ் செய்ததற்கு இல்லை. தட்டு வரைய ஒரு மூடியை வைத்து வட்டம் போட்டேன் என்று மூன்று வாரம் என்னோடு பேசாமல் இருந்தாயே, அதற்கு. அந்த மூன்று வாரத்தை எனக்குத் திருப்பிக் கொடு.

இரண்டாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது. இவரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுப் பெட்டியிலிருந்து என் கெட்டிலை எடுத்தார், சுவரிலிருந்து உன்னுடையதை இறக்கினார், கழுத்தில் கிடந்த டேப்பால் இரண்டு மூக்கையும் அளந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். சட்டையோட இடது முன்பக்கம் எது, வலது முன்பக்கம் எதுன்னு எனக்கா தெரியாது? பட்டன் தைக்கப் போகச் சொன்னே." பழையபடி மாட்டிவிட்டு மெஷினில் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே தைத்தார்.

என் கோடா அது? அதன் முன்னால் போய் நிறைய நேரம் நின்றேன்.

ஒன்று என்று எண் போட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த இடது கை ஒரு விசித்திரப் பிறவி. கெட்டில் மூக்கை வலப்பக்கம் இழு என்றால் இடப்பக்கம் ஓடுகிறது. எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதான் போடுகிறது. நீ பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருக்காதே, முனை மழுங்கிவிடும்.

மசி

ஏப்ரல் 22, புதன்

அன்புள்ள மசி,

முனை மழுங்கினால் திரும்பச் சீவிக்கொள்வேன்.

உன் கடைசி வரிகளை நாலு தடவை படித்தேன். இடது கை இடப்பக்கம்தான் ஓடும் என்கிறாய். இடப்பக்கம் பார்க்கிற மூக்கு ஒன்று உன் மெஷினுக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. உன் வலது கை போட்ட கோடு, நான் திருப்பிப் போட்டது. இடது கைக்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது.

அந்தச் சுருளில் மீதி இருந்த ட்ரேசிங் பேப்பரைத் தனித் தபாலில் அனுப்புகிறேன். ஓரம் மஞ்சளாகியிருக்கிறது, நடுவில் நன்றாக இருக்கிறது. என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன். சிவப்புப் பென்சிலைச் சைக்கிள் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். ட்யூபில் ஓட்டை இருக்கும் இடத்தைக் குறிக்க உதவுகிறதாம்.

ஸ்கேல்

ஜூன் 8, திங்கள்

அன்புள்ள ஸ்கேல்,

நீ கேட்க மாட்டேன் என்றாய், நானே சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் இவர் கெட்டிலை ஃப்ரேமிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார். மேலே உன் பேப்பரை வைத்து நாலு மூலையிலும் குண்டூசி குத்திக் கொடுப்பார். நான் இடது கையால் அந்தக் கோட்டின் மேல் போவேன். முதல் வாரம் கோடு ஒரு பக்கம், என் பென்சில் ஒரு பக்கம். பயிற்சி சொல்லித்தரும் பெண் என்னவோ உருண்டையெல்லாம் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அதையும் செய்தேன். ஆனால் கைக்குப் பிடித்தது இதுதான். மூன்றாவது வாரம் மூக்குப் பக்கம் வரும்போது கை தானாகத் திரும்பியது. அங்கே எப்படித் திரும்ப வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேருடைய கோட்டின் மேல் போயிருப்போம், பாலம், கால்வாய், யார் யாருடைய கட்டடமோ. என் சொந்தக் கோட்டின் மேல் நான் போனது இதுதான் முதல்முறை. நல்ல கோடுதான். நான் அதைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன்.

நேற்றோடு பேப்பர் தீர்ந்துவிட்டது. இன்று காலை வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கெட்டிலைப் பார்த்து வரைந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். மூடி கொஞ்சம் கோணல், கைப்பிடி எங்கேயோ போகிறது. ரப்பர் தொடவில்லை, கீழே எதையும் வைக்கவில்லை. மூக்கைப் பார். ஓரத்தில் எண் 1 என்று போட்டிருக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன், ஸ்கேல். வலது கை வராவிட்டாலும் சரி.

இவரும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். ட்ரேசிங் கூடாது என்று சொல்லிவிட்டேன். "அளந்துக்கலாமா?" என்று கேட்டார். அதற்கு விதியில் தடை இல்லை என்றேன். இந்த மாதப் பட்டியலை அவர்தான் போட்டிருக்கிறார், கீழே இருக்கிறது. முதல் ஆறு நாளும் பட்டன் வகைகள். நீயே வந்து கேட்டுக்கொள்.

17-ஆம் தேதி டிக்கெட்டை மாற்றாதே. அன்று 3,000 இல்லை, 10. பரவாயில்லை. மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கு, பஸ் நிற்கிற இடத்துக்கு இவர் வந்துவிடுவார். 10-க்கு எதிரே அவர் எழுதியிருப்பது டீ கெட்டில். எங்கள் வீட்டுக் கெட்டில் வேண்டாம், உன்னுடையதையே பையில் போட்டுக் கொண்டு வா. இந்தத் தடவை மூக்கு இடப்பக்கம் தெரிகிற நாற்காலி எனக்கு.

நீ எதிரே உட்கார்ந்து உன் கோட்டைப் போடு.

மசி